நாலு மூலைக்கு நாலு ஸ்டாண்ட்

கண்டாவளைக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் சிவராசாவுக்கு ஒலியைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. ஊரில் வேறு ஒருவரும் இப்படிச் சொல்வதில்லை, அவர்தான் சொல்வார். இருபது வயதில், ஆள் கிடைக்காத குறைக்கு, ஒரு கோயில் திருவிழாவில் அவரைத் தென்னையில் ஏற்றிக் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொன்னார்கள். கட்டினார். ஸ்பீக்கரின் வாய் வயலைப் பார்த்திருந்ததால் பக்திப் பாட்டெல்லாம் கொக்குகளுக்குத்தான் கேட்டது. ஆனாலும் கட்டினது கட்டினதுதானே. அன்றிலிருந்து யார் வீட்டு றேடியோ கரகரத்தாலும் சிவராசா போய்த் தலையைச் சரித்து நின்று கேட்பார். "உள்ளுக்கை பிழை" என்று தீர்ப்புச் சொல்லுவார். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். பிறகு யாராவது தெரிந்த ஆள் வந்து திருத்துவான்.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து சனம் போய்வரத் தொடங்கின காலத்தில், மனைவி நேசமலரின் தம்பி பாலன் சுவிசிலிருந்து வந்து இறங்கினான். எல்லாருக்கும் சொக்லேற்றும் சென்ற் போத்தலும் கொடுத்தவன், அத்தானுக்கு ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிவந்து வைத்தான். ஹோம் தியேட்டர். கறுப்பு நிறத்தில் ஒரு டிவிடி, தடித்த சத்தத்துக்கென்று ஒரு பெரிய பெட்டி, வெள்ளைத் தாளில் சுற்றிய சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்து.

"அத்தான், இது உண்மையில அக்காவுக்குத்தான். சத்தம் சுத்திவர நாலு பக்கத்தாலையும் வரும். அவாக்கு வடிவாக் கேக்கும்," என்றான்.

நேசமலரின் இடது காது தொண்ணூற்றாறாம் ஆண்டு இடப்பெயர்வில் ஒரு ஷெல்லோடு போனது. வலது காதிலும் பாதிதான் மிச்சம். கலியாணம் கட்டின புதிதில் அவளுக்குப் படம் என்றால் உயிர். சைக்கிள் பாரில் இருத்திக் கிளிநொச்சிவரை மிதித்துக் கூட்டிப்போவார். பகிடி வந்தால் தியேட்டரே திரும்பிப் பார்க்கச் சிரிப்பாள். சோகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தேற்றவேண்டி வரும். காது போன பிறகும் இரண்டொரு தரம் அயலில் படம் பார்க்க வந்தாள். பிறகு அடியோடு நிறுத்திவிட்டாள். "நீங்கள் போங்கோ. எனக்கு வேலை கிடக்கு," என்பாள். அவரும் போவார். அரைவாசியில் எழும்பி வந்துவிடுவார். பக்கத்தில் அவள் இல்லாத படம் அவருக்கு உப்பில்லாத சோறு. ஆகவே அந்தப் பெட்டியைப் பார்த்ததும் சிவராசா தனக்குள் ஒரு முடிவெடுத்தார். ஒரேயொரு படமாவது அவள் தன் பக்கத்தில் இருந்து முழுதாகப் பார்க்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

லீவு முடிந்து புறப்படும்போது வானுக்குள் இருந்தபடி பாலன் கடைசியாகச் சொன்னான். "ஸ்பீக்கரை நிலத்தில வையாதேங்கோ அத்தான். நல்ல ஸ்டாண்ட் பாத்து எடுங்கோ. எல்லாம் ஸ்டாண்டிலதான் இருக்கு."

எல்லாம் ஸ்டாண்டில்தான் இருக்கிறது. சிவராசா அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டார்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. ஜேர்மன் மொழி. அது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை, படம் போட்டிருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரன் கதிரையில் சாய்ந்திருந்தான். மூலைக்கொன்றாக நாலு ஸ்டாண்டில் நாலு ஸ்பீக்கர். ஒவ்வொன்றிலிருந்தும் அவனுடைய காதுக்கு ஒரு புள்ளிக்கோடு. ரீவிக்குக் கீழே ஒரு நீளக் கட்டை கீறியிருந்தது; அது ரீவி வைக்கும் பலகை என்று சிவராசா எடுத்துக்கொண்டார். அப்படியென்றால் ஐந்தாவது ஸ்பீக்கர் எதற்கு? அவர் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. வீட்டுக்கு மூலை நாலு. ஒன்று பழுதானால் போடுவதற்கு வெள்ளைக்காரன் ஒன்று கூடுதலாகத் தந்திருக்கிறான். "முன்யோசனை உள்ள சாதி," என்று மெச்சிக்கொண்டு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்த அந்த ஒன்றை அலுமாரியில் நேசமலரின் சேலைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினார்.

பிறகு ஸ்டாண்ட் வேட்டை தொடங்கியது.

முதலில் வவுனியாவுக்கு பஸ் ஏறினார். அங்கே மஹ்றூப் நானாவின் கடை இருந்தது. முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு அங்கிருந்து போகவேண்டி வந்து, வவுனியாவில் றேடியோ, ரீவி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கண்டாவளை ஆளைக் கண்டதும் பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு ஸ்டாண்டைத் தூக்கிவந்தார்.

சிவராசாவுக்கு அதைப் பார்த்தவுடனே பிடித்துப்போய்விட்டது. கறுப்புப் பெயின்ற் அடித்த இரும்புக் குழாய். அடியில் பாரமான வட்டத் தகடு. உச்சியில் ஸ்பீக்கர் இருக்க ஒரு சின்னத் தட்டு. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. கதிரையில் இருந்து காதை நேராகப் பிடித்துப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரன் மாதிரியே தன்னை உணர்ந்தார்.

"நாலு கட்டுங்கோ நானா," என்றார்.

"கட்டலாம். ஆனா ஒண்டு செல்லட்டா?" என்றார் மஹ்றூப். "நாலு இரும்புக் குழாய். நாலு வட்டத் தகடு. ஓமந்தைச் செக்பொயின்ற்றில ஆமிக்காரன் இது என்னண்டு கேப்பான். நீங்க அவனுக்குச் சிங்களத்தில விளங்கப்படுத்தணும்."

"பாட்டுக் கேக்கிற சாமான் எண்டு சொல்லுறது."

"குழாயை ஊதிக் காட்டு எண்டு செல்லுவான். அதுக்குப் பிறகு புளியங்குளத்தில உங்கட பக்க இயக்கப் பொடியன்மாருக்கு ஒருக்கா விளங்கப்படுத்தணும். அவங்க தமிழ்தான். ஆனா அவங்களும் குழாயைத்தான் பாப்பாங்க."

சிவராசா குழாயைத் திரும்பப் பார்த்தார். கொஞ்சம் முன்னர்வரை அழகாகத் தெரிந்த அந்த வட்டத் தகடு இப்போது வேறு எதையோ நினைவூட்டியது. அவருக்குத் தெரிந்த சிங்களம் மூன்று சொல். மூன்றும் சாப்பாடு சம்பந்தப்பட்டவை. நாலு குழாயையும் தோளில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, சோறும் மீனும் பற்றிக் கதைத்து இரண்டு தரப்பையும் நம்பவைப்பதாக ஒருதரம் கற்பனை செய்து பார்த்தார். குழாயைத் தள்ளி வைத்தார்.

"சுவரில ஆணி அடிச்சுக் கொழுவுங்களேன்," என்றார் மஹ்றூப், வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல்.

அதுவும் சரிவராது. சிவராசாவின் வீடு கல்வீடுதான். ஆனால் சீமெந்துக்கு அலைந்த காலத்துக் கலவை. ஆணி அடித்தால் ஆணி நிற்கும், சுவர்தான் விழும். பிளேன்டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த கிழமை முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஆராய்ச்சி நடந்தது. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்துத்தான் மின்சாரம் காணவேண்டும். அதை நல்ல நாளுக்கு வைத்துக்கொண்டு, சிவராசா மின்சாரம் இல்லாமலேயே ஆராய்ந்தார். உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து, சாய்மனைக் கதிரையில் இருந்து கண்ணை மூடிக் கேட்டார். நெல்மூட்டையில் வைத்துக் கேட்டார். மண்ணெண்ணெய்ப் பரலில் வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஒவ்வொரு பக்கம் சரித்தார்.

"என்ன கேக்குது?" என்று குசினி வாசலில் நின்று நேசமலர் கேட்டாள்.

அவளோடு கதைப்பதென்றால் சிவராசாவுக்குக் கத்துவதுதான். இத்தனை வருசமாக அவளுக்கு எல்லாம் விளங்குவது தன்னுடைய தொண்டையின் வலிமையால்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வீதியால் போகிறவர்கள் அவர்களுடைய வீட்டில் அன்றைக்கு என்ன கறி என்பதைத் தெரிந்துகொண்டுதான் போவார்கள்.

"இப்ப ஒண்டும் கேக்காது," என்று கத்தினார். "ஆனா கேட்டா எப்பிடிக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியும். நெல்மூட்டை சத்தத்தைக் குடிக்கும். உரல் பரவாயில்லை."

"இடியப்பத்துக்கு மா இடிக்கோணும். சத்தம் கேட்டு முடிஞ்சா உரலைத் தாங்கோ."

இரண்டு நாள் பொறுத்து இன்னொரு கேள்வி கேட்டாள். "எல்லாம் உங்கட கதிரைக்குத்தானே அளக்கிறியள். நான் எங்க இருக்கிறது?"

"நீர் எனக்குப் பக்கத்தில பாயில இரும். சத்தம் தானா இறங்கி வரும்."

அவள் உரலை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பதிலைப் பிற்காலத்தில் சொல்லும்போது சிவராசாவே தலையில் அடித்துக்கொள்வார். யாருக்காக இந்தப் பாடு படுகிறாரோ அந்த மனிசியின் காது தரையில் இருக்கிறது. அளவு முழுக்கச் சாய்மனைக் கதிரைக்கு. சங்கக்கடைத் தராசை வருசக்கணக்காகப் பிடித்தவருக்கு இது தெரியவில்லை.

கடைசியில் தச்சுவேலை வீரையாவிடம் போய் நின்றார். வீரையாவின் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஸ்டாண்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. சிவராசா கையால் உயரம் காட்டி, புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டி, ஒலி நகர்கின்ற விதம் பற்றி நீளமாக விளக்கினார்.

"புரிஞ்சிருச்சு ஐயா," என்றார் வீரையா. "ஆடாம நிக்கணும். அம்புட்டுத்தானே? எருமை முட்டினாலும் ஆடாது."

ஆடவில்லை. பாலை மரத்தில் நாலு ஸ்டாண்ட் வந்து இறங்கியது. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. ஸ்டாண்ட் வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாக இராது என்று வீரையா தன் சொந்த விருப்பத்தில் அடியிலிருந்து உச்சிவரை கடைச்சல் வேலை செய்திருந்தார். இடையில் குடம், அதன்மேல் தாமரை, உச்சியில் ஒரு சின்னத் தட்டு. அவருக்குக் கைவந்த வேலை மணவறைத் தூண்தான். ஆகவே மணவறைத் தூண் வந்திருந்தது.

சிவராசா நாலு மூலையிலும் நாட்டி, உச்சியில் ஸ்பீக்கர்களை வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று வயரைத் தானே பூட்டினார். டிவிடிக்குப் பின்னால் ஒரு ஓட்டை வெறுமையாகக் கிடந்தது. அதுவும் மேலதிகமாகத் தந்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டார். எட்ட நின்று பார்த்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அயல்வீட்டு வடிவம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு நேரே உள்ளே வந்தா.

"ஆருக்குக் கலியாணம் தம்பி? சொல்லாமல் கொள்ளாமல் மணவறை போட்டிருக்கிறியள்?"

"இது ஸ்பீக்கர் ஸ்டாண்ட், வடிவக்கா."

"ஓம் ஓம்," என்றா அவா, நம்பாத குரலில். பொழுதுபடுவதற்குள் சங்கக்கடையில் பாண் வாங்க வந்தவர்களெல்லாம் மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்துவிட்டார்கள். அவருக்கு மகளே இல்லை என்பது யாரையும் தடுக்கவில்லை. ஒருவர் அறுபதாம் கலியாணமோ என்றும் கேட்டார். சிவராசாவுக்கு அப்போது ஐம்பது இன்னும் ஆகவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படம் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. கொல்லையில் ஜெனரேற்றர் உறுமியது. அதோடு வாடகைக்கு வந்த ரீவி முன்சுவரோரம் இருந்தது. யன்னலெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார். சனம் பாய்களில் நெருங்கி இருந்தது. நடுவில் சாய்மனைக் கதிரையில் சிவராசா. அவருக்கு வலப்பக்கத்தில், எத்தனையோ தரம் கத்தி மன்றாடின பிறகு, நேசமலர் வந்து பாயில் இருந்தாள். அவள் நல்ல சேலை உடுத்திருந்ததை அவர் கவனித்தார். வாழ்க்கையில் வேறு எந்த முகூர்த்தத்துக்கும் அவர் இப்படிப் பதறியதில்லை.

படம் தொடங்கியது. திரையில் ஒரு கிராமம், மழை. பின்மூலைகளில் இருந்து சோவென்று மழை கொட்டியது. இடி இடித்ததும் வடிவம்மா "ஐயோ, என்ர புழுங்கல் நெல்லு" என்று எழும்பி வெயிலுக்குள் ஓடினா. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஓடினார்கள். திரும்பி வந்து வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிவராசா கதிரையில் நிமிர்ந்தார். எல்லாம் ஸ்டாண்டில்தான் இருக்கிறது.

மழை விட்டது. கதாநாயகன் வந்து தகப்பனுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தான். வாய் அசைந்தது. பேச்சு வரவில்லை. தகப்பனும் பதிலுக்கு வாயை அசைத்தார். பின்மூலையில் ஒரு சேவல் மட்டும் துல்லியமாகக் கூவியது.

"ஊமைப் படமோ அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

சிவராசா எழும்பிச் சத்தத்தைக் கூட்டினார். சேவல் செவிடுபடக் கூவியது, பேச்சு வரவில்லை. முன்னால் இருந்த ஸ்டாண்டை இன்னொருவரின் உதவியோடு நகர்த்தினார். ஸ்பீக்கரைத் திருப்பினார். தலையைச் சரித்துக் கேட்டார். "உள்ளுக்கை பிழை" என்று சொல்ல வாயெடுத்து, இது தன்னுடைய வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார். சனம் குசுகுசுத்தது. ஒரு கிழவர் எழும்பித் துவாயை உதறித் தோளில் போட்டார். சிவராசாவுக்கு நேசமலரின் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருநாள் வந்திருந்தாள். அந்த ஒருநாளையும் கெடுத்தாயிற்று.

"தகப்பன் காணியை வித்துப்போட்டாராம்."

நேசமலரின் குரல். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இவனுக்குத் தெரியாமல் தன்ர தம்பிக்குக் குடுத்திட்டார். அதுதான் இவன் கேக்கிறான், அம்மா கிடக்கிற மண்ணை எப்பிடி விக்க மனம் வந்தது எண்டு."

வீடு அடங்கியது. கதாநாயகன் திரும்பி வாயை அசைத்தான்.

"இனி இந்த வாசல்ல கால் வைக்கமாட்டன் எண்டுறான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் நேசமக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாயைப் பாத்தாத் தெரியும்தானே," என்றாள் நேசமலர், இதிலே என்ன இருக்கிறது என்பதுபோல. "நீங்கள் கதைக்கிறதும் எனக்கு அப்பிடித்தான் தெரியும்."

சிவராசா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியென்றால் தன்னுடைய தொண்டை? இத்தனை வருசக் கத்தல்? வீதிக்கெல்லாம் கறி விபரம் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சமா?

அதற்குள் பாய்கள் நகர்ந்தன. தூண்களுக்கு நடுவில் இருந்த சனம் ஒவ்வொருவராய் நேசமலரைச் சுற்றிவந்து இருந்தது. துவாயை உதறின கிழவரும் இருந்தார். அவள் தகப்பனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். கதாநாயகி வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். "இவள் வடக்கத்திப் பெட்டை. வாய் தமிழ் கதைக்கேல்ல. இவளுக்கு நானாத்தான் சொல்லோணும்," என்று அறிவித்துவிட்டு, அந்தப் பெட்டைக்குத் தானே வசனம் போட்டாள். அந்த வசனங்களுக்குத்தான் சனம் வயிறு நோகச் சிரித்தது. கதாநாயகனிடம் அவள் உரலைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்ட இடத்தில் ஜெனரேற்றர் சத்தமே கேட்கவில்லை.

அப்போதுதான் சிவராசாவுக்கு டிவிடிக்குப் பின்னால் இருந்த வெறும் ஓட்டையும் சேலைக்கு அடியில் கிடந்த நீள ஸ்பீக்கரும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சத்தமெல்லாம் நாலு மூலைக்கும் வந்தது. பேச்சு மட்டும் அலுமாரிக்குள் இருந்தது. எழும்பி இரண்டடி வைத்தார். திரும்பிப் பார்த்தார். நேசமலர் கண் கலங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாகக்கிடக்கும் தகப்பனுக்காகக் கதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். சிவராசா அலுமாரிப் பக்கம் போகவில்லை. கதிரைக்கும் போகவில்லை. பாயில் ஒரு ஓரத்தில் இடம் பிடித்து இருந்து மிச்சப் படத்தை மனைவியின் வாயால் பார்த்தார். இதைவிட நல்ல படம் அவர் பார்த்ததில்லை.

படம் முடிந்து சனம் போனது. போகும்போது வடிவம்மா, "அடுத்த கிழமையும் இப்பிடியே போடுங்கோ தம்பி. திருத்திப்போடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனா. சிவராசா ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டு வந்து, யன்னல் சாக்குகளை அவிழ்த்தார். வெளிச்சம் வந்தது. நேசமலர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, நல்ல களைப்பில் இருந்தாள்.

அவர் அவளுக்கு முன்னால் வந்து இருந்தார். கத்தத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "வாயைப் பாத்தே எல்லாம் விளங்குமெண்டா, பிறகேன் இவ்வளவு காலமும் படத்துக்கு வராமல் இருந்தனீர்?"

நேசமலர் சுருட்டின பாயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"காது போன புதிசில வடிவக்கா வீட்டை படம் பாக்கப் போனனாங்கள். நீங்கள் மறந்திருப்பியள். அவா என்னட்டைக் கேட்டவா, பிள்ளைக்குக் கதை விளங்குதோ எண்டு. நான் சொல்ல முந்தி நீங்கள் சொன்னனீங்கள், அவாக்கு ஒண்டும் விளங்காது, சும்மா பொழுதுபோகட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு. மெல்லமாத்தான் சொன்னனீங்கள். எனக்குக் கேக்காது எண்டு. வாயைப் பாத்து நான் முதல்முதல் முழுசா விளங்கிக்கொண்டது அதைத்தான்."

வெட்கம் காதுவரை ஏறியது. அவளுக்குக் கேட்கவேண்டும் என்று வவுனியாவரை போய், பாலை மரம் அறுப்பித்து, ஊர் சிரிக்க மணவறை போட்டவர் அவர். அவளைப் படத்திலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினது ஷெல் இல்லை.

அவர் வாயைத் திறந்தார். ஒரே ஒரு சொல்தான். அதுவும் சத்தமாக வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நேசமலர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விடுங்கோ," என்றாள்.